ஓவிய வகுப்பில் வடிவமைப்புக் கல்வி



'டிசைன்' என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் மனக்கண் முன் தோன்றுவது எது? புடவைக் கரையில் ஓடும் மாங்காய் வரிசை, மார்கழி மாதத்துக் கோலம், ஓவியத் தாளில் சதுரம் போட்டு நான்கு மூலைக்கும் ஒன்றுபோல வரையும் பூவும் இலையும், இவைதாம் அல்லவா? ஓவிய வகுப்பில் நாம் காலங்காலமாகப் பயின்று வரும் டிசைனும் இதுவே. இதில் குறை ஒன்றும் இல்லை. கண்ணுக்கு அளவும், கைக்கு நேர்த்தியும், மனத்துக்குப் பொறுமையும் இப்பயிற்சியினால் வருகின்றன. ஆயினும் வடிவமைப்பு என்னும் கலையில் இது ஒரு பாதிதான். மறு பாதியை ஓவிய வகுப்பில் எவ்வாறு கற்கலாம் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் உட்காரும் பெஞ்சு, கையில் பிடிக்கும் பேனா, தண்ணீர்க் குழாய், கதவின் தாழ்ப்பாள் ஆகிய ஒவ்வொன்றையும் எவரோ ஒருவர் எண்ணி, அளந்து, வரைந்து, செய்து பார்த்துத்தான் உருவாக்கியிருக்கிறார். அவர் நன்றாக எண்ணியிருந்தால் அப்பொருள் இருப்பதையே நாம் மறந்து விடுகிறோம். எண்ணத் தவறியிருந்தால் பெஞ்சில் முதுகு வலிக்கிறது. தாழ்ப்பாள் சிறு குழந்தைக்கு எட்டுவதில்லை. பூ வேலைப்பாடு எவ்வளவு அழகாக இருந்தாலும், எட்டாத தாழ்ப்பாள் எட்டாத தாழ்ப்பாள்தான்!

செம்பு சொல்லும் பாடம்

சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதியர் இந்திய அரசின் அழைப்பின் பேரில் நம் நாட்டுக்கு வந்து, பல இடங்களைச் சுற்றிப் பார்த்து, 1958-ஆம் ஆண்டில் அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தனர். அதன் பயனாக 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. இந்தியாவில் தாம் கண்டு வியந்த பொருள்கள் எல்லாவற்றிலும் தலைசிறந்ததாக அவர்கள் எதைப் போற்றினர் தெரியுமா? அரண்மனையையோ பட்டையோ அன்று; நம் வீடுகளில் தண்ணீர் மொள்ளும் சாதாரணச் செம்பைத்தான்!

செம்பை இன்று ஒருவர் புதிதாக வடிவமைக்க வேண்டுமானால் எவற்றையெல்லாம் எண்ண வேண்டும் என்று அவர்கள் ஒரு பட்டியலே போட்டனர். எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும்? தூக்குவது யாருடைய கை? தலையிலா, இடுப்பிலா, கையிலா? நிறைந்திருக்கும்போதும் வெறுமையாக இருக்கும்போதும் சாயாமல் நிற்குமா? ஊற்றும்போது சிந்துமா? கழுவ எளிதா? விலை என்ன? வெயில் பட்டு மின்னும்போது எப்படித் தோன்றும்? இத்தனை கேள்விகளுக்கும் விடையாக நிற்கிறது அந்தச் செம்பு. அதைத் தனி ஒருவர் வடிவமைக்கவில்லை. பல தலைமுறை மக்கள் பயன்படுத்திப் பயன்படுத்தித் திருத்தி அமைத்தது அது. செம்பின் அழகு, ஒட்ட வைத்த அழகு அன்று. பயனிலிருந்து பிறந்த அழகு.

ஓவியமும் வடிவமைப்பும்

ஓவியம் வரைபவர் தம் உள்ளத்தில் எழுவதை வரையலாம். அதைப் பார்ப்பவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஓவியம் ஓவியமே. வடிவமைப்பில் அப்படி இல்லை. அங்கே எப்போதும் இன்னொருவர் இருக்கிறார். அவருடைய கை, அவருடைய உயரம், அவருடைய அவசரம், அவருடைய பணம் ஆகியவற்றைக் கருதாமல் ஒரு கோடும் போட இயலாது. பிறருடைய தேவையை உற்றறிந்து, சிக்கலைத் தெளிவாக வகுத்து, பல வழிகளை எண்ணி, மாதிரி செய்து, சோதித்துத் திருத்தும் இம்முறையையே இக்காலத்தில் 'வடிவமைப்புச் சிந்தனை' என்கின்றனர். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் இதனை இந்த ஐந்து படிகளாகவே வகுத்துப் பரப்பியது. அகமதாபாத்தில் ரிவர்சைடு பள்ளியை நிறுவிய கிரண் பிர் சேத்தி அம்மையார், 2009-இல் தொடங்கிய இயக்கத்தின் வழியாக, இதையே பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்ற நான்கு சொற்களில் சுருக்கினார்: உணர், கற்பனை செய், செயலாற்று, பகிர்ந்துகொள்.

கலையையும் பயன்பொருளையும் ஒருங்கே கற்பிப்பது தமிழகத்துக்குப் புதிதன்று. 1850-ஆம் ஆண்டு சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளி, ஓவியத்தோடு கைத்தொழில்களையும் சேர்த்தே கற்பித்தது. அதுவே இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி.

ஒரு தாளும் ஓர் ஆசிரியரும்

ஜெர்மனி நாட்டின் வைமார் நகரில் 1919-இல் வால்டர் கிராபியஸ் என்ற கட்டடக் கலைஞர் 'பௌஹவுஸ்' என்னும் கலைப்பள்ளியை நிறுவினார். அது 1925-இல் டெஸ்ஸாவுக்கும் 1932-இல் பெர்லினுக்கும் மாறி, நாஜி ஆட்சியின் நெருக்கடியால் 1933-இல் மூடப்பட்டது. பதினான்கே ஆண்டுகள் வாழ்ந்த அப்பள்ளி, உலகெங்கும் கலைக் கல்வியின் போக்கையே மாற்றிவிட்டது.

அங்கு முதலாண்டு மாணவர்க்கு ஜோசப் ஆல்பர்ஸ் என்ற ஆசிரியர் நடத்திய பாடம் ஒன்று நம் ஓவிய வகுப்புகளுக்கும் பொருந்தும். அவர் வகுப்புக்குள் ஒரு கட்டுச் செய்தித்தாளோடு வருவார். ஆளுக்குச் சில தாள்களைக் கொடுத்து, இதிலிருந்து ஏதேனும் உருவாக்குங்கள், தாளை வீணாக்காதீர்கள், தாளின் இயல்பை மதியுங்கள், இயன்றவரை கருவிகள் இன்றியே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார். திரும்பி வந்து பார்த்தால் கோட்டை, விமானம், விலங்கு என்று பலவும் செய்து வைத்திருப்பார்கள். ஒருமுறை ஒரு மாணவர் தாளை நீளவாக்கில் மடித்து நிறுத்தி வைத்ததோடு சரி. ஆல்பர்ஸ் பாராட்டியது அதைத்தான்! கோட்டையைக் கல்லிலும் கட்டலாம், விமானத்தை உலோகத்திலும் செய்யலாம். ஆனால் துவண்டு விழும் மெல்லிய தாள் ஒரே ஒரு மடிப்பினால் எழுந்து நிற்பது, தாளுக்கு மட்டுமே உரிய ஆற்றல் என்பது அவர் விளக்கம்.

இதிலிருந்து ஓவிய வகுப்பு கற்க வேண்டியவை இரண்டு. விலையுயர்ந்த சாயமும் தூரிகையும் இல்லாமலே நல்ல பாடம் நடத்த முடியும் என்பது ஒன்று. ஆசிரியை கரும்பலகையில் வரைந்ததை அப்படியே பார்த்து வரைவதால் மட்டும் இந்தக் கண்டுபிடிப்பு நிகழாது என்பது மற்றொன்று.

அதே பௌஹவுஸில் பெண்களின் நிலை என்ன என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். ஆணும் பெண்ணும் சமம் என்று அறிவித்தே பள்ளி தொடங்கிற்று. ஆனால் வந்து சேர்ந்த பெண்களில் பெரும்பாலோரை நெசவுப் பிரிவுக்கே அனுப்பினர். அந்நெசவுப் பிரிவைக் குண்டா ஷ்டோல்ட்ஸல் அம்மையார் தலைமையேற்று மிகச் சிறந்த பிரிவுகளுள் ஒன்றாக ஆக்கினார். மரியான் பிராண்ட் அம்மையாரோ உலோகப் பிரிவில் இடம் பெற்று, 1924-இல் அவர் செய்த சிறு தேநீர்க் கெண்டி இன்று அருங்காட்சியகங்களில் இடம் பெற்றுள்ளது.

சமையலறையை அளந்த பெண்மணி

வடிவமைப்பு 'யாருக்காக' என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறது என்றோம். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, ஆஸ்திரிய நாட்டுக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டெ ஷூட்டெ-லிஹோட்ஸ்கி அம்மையார் 1926-இல் வடிவமைத்த 'பிராங்பர்ட் சமையலறை' ஆகும். முதல் உலகப் போருக்குப் பின் பிராங்பர்ட் நகரில் எளிய குடும்பங்களுக்காக ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டப்பட்டன. சிறிய இடம், குறைந்த செலவு. ஆனால் பெண்களின் உழைப்புக் குறைய வேண்டும். இதுவே அவருக்குக் கொடுக்கப்பட்ட கணக்கு.

அச்சமயத்தில் அம்மையாருக்குச் சமைத்துப் பழக்கமே இல்லை! ஆகவே அவர் இல்லத்தரசிகளிடம் கேட்டார். ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் இடையே எத்தனை அடி நடக்கிறார்கள், எவ்வளவு நேரம் செல்கிறது என்ற ஆராய்ச்சிகளைப் பயின்றார். ரயிலில் உணவு வண்டியின் குறுகிய சமையலறையில் அத்தனை பேருக்கும் எவ்வாறு சமைக்கிறார்கள் என்று கவனித்தார். ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் உள்ள அறையில் அடுப்பு, தொட்டி, அலமாரி, மடித்து வைக்கும் இஸ்திரிப் பலகை, உட்கார்ந்து காய் நறுக்க ஒரு முக்காலி என யாவும் கைக்கெட்டும் தூரத்தில் அமைந்தன. ஏறத்தாழ 10,000 வீடுகளில் இச்சமையலறை பொருத்தப்பட்டது. இன்றைய 'மாடுலர் கிச்சன்' என்பதற்கு இதுவே முன்னோடி.

இவ்வளவு சிறந்த திட்டத்திலும் குறை இருந்தது. அறை மிகச் சிறியதாகையால் ஒருவர் மட்டுமே நின்று வேலை செய்ய முடிந்தது. மகளோ கணவரோ உதவிக்கு வர இடமில்லை. தானியங்களுக்கென வைத்த அலுமினியப் பெட்டிகள் சிறு குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தன. ஒரு பெண் தனியாகவே சமைப்பாள் என்ற எண்ணம் சுவரிலேயே கட்டப்பட்டுவிட்டது! எவ்வளவு கேட்டாலும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கும். பயன்படுத்துகிறவர்தாம் அதைக் காட்டிக் கொடுப்பார்.

நம் நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. காலை இழந்தவர்களுக்கு மேல்நாட்டுச் செயற்கைக் கால்கள் கிடைத்தன. ஆனால் அவற்றுக்கு மேல் பூட்ஸ் அணிய வேண்டும். சம்மணமிட்டு உட்கார முடியாது. குத்துக்கால் இட முடியாது. சேற்று வயலில் நடக்க முடியாது. ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி. கே. சேத்தியும் 1968-இல் ரப்பரைக் கொண்டு செய்த 'ஜெய்ப்பூர் கால்' இவை அனைத்தையும் இயலச் செய்தது. தம் நாட்டு மக்கள் எப்படி உட்காருகிறார்கள், எப்படி நடக்கிறார்கள் என்று பார்த்ததே அந்த வெற்றியின் இரகசியம்.

ஒரு பாடம்: சாப்பாட்டுப் பை

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது அன்றோ! ஆகவே வாரத்துக்கு ஒரு பாடவேளை கிடைத்தாலும் ஆறு வாரங்களில் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவியர் செய்யக்கூடிய பாடம் ஒன்றைக் காண்போம். முதல் வகுப்புச் சிறுமிக்கு ஒரு சாப்பாட்டுப் பை வடிவமைக்க வேண்டும்.

முதல் வாரம், பார்த்தல். மதிய உணவு வேளையில் சிறு பிள்ளைகள் சாப்பிடும் இடத்தில் ஓரமாக நின்று கவனிக்க வேண்டும். கருத்து எழுதக் கூடாது. கண்டதை மட்டும் எழுத வேண்டும். பையை எந்தக் கையால் தூக்குகிறாள்? மறு கையில் என்ன இருக்கிறது? எதை முதலில் வெளியே எடுக்கிறாள்? டிபன் பாக்ஸ் பைக்குள் நிமிர்ந்து இருக்கிறதா, சாய்ந்து கிடக்கிறதா? பிறகு அளவு நாடாவை எடுத்து, நிற்கும் குழந்தையின் கையிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். பையின் நீளமும் பிடியின் நீளமும் சேர்ந்து இந்த அளவைத் தாண்டினால் பை தரையில் இழுபடும். இது கணக்கு வகுப்பு நடத்தாத கணக்கு!

இரண்டாம் வாரம், கேட்டல். "இந்தப் பை உனக்குப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால், "பிடிச்சிருக்கு அக்கா" என்றுதான் எந்தக் குழந்தையும் சொல்லும். "நேற்று பையைத் திறந்ததும் முதலில் என்ன செய்தாய்? மூடியை யார் திறந்து தந்தார்கள்?" என்று கேட்டால் உண்மை வெளிவரும். பையைத் துவைக்கும் அம்மாவிடமும், சிந்தியதைத் துடைக்கும் ஆயாம்மாவிடமும் கேட்க வேண்டும். முடிவில் சிக்கலை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். சான்றாக: 'முதல் வகுப்புச் சிறுமிக்கு, ஒரு கையால் திறக்கக்கூடிய பை வேண்டும், ஏனெனில் மறு கையில் அவள் தண்ணீர் பாட்டிலைப் பிடித்திருக்கிறாள்.' இவ்வாக்கியம் தெளிவாக அமைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது எனலாம்.

மூன்றாம் வாரம், வரைதல். ஒரு தாளை எட்டாக மடித்து, எட்டுக் கட்டங்களிலும் எட்டு விதமான பைகளை வரைய வேண்டும். ரப்பர் உபயோகிக்கக் கூடாது. முதல் இரண்டு மூன்று எல்லோருக்கும் தோன்றுபவை. ஐந்தாவதுக்கு மேல்தான் சொந்த எண்ணம் தலைகாட்டும்.

நான்காம் வாரம், மாதிரி செய்தல். செய்தித்தாள், பழைய காலண்டர் அட்டை, மைதாப் பசை, சணல் கயிறு இவை போதும். மாதிரியை முழு அளவிலேயே செய்து, தண்ணீர் நிரப்பிய டிபன் பாக்ஸை உள்ளே வைத்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். அடிப்பாகம் தட்டையாக இல்லாத பையில் பாக்ஸ் நிமிர்ந்து நிற்காது என்பது அப்போது விளங்கும். தட்டையான அடியுள்ள காகிதப் பையை மடித்து ஒட்டும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் மார்கரெட் நைட் என்ற அமெரிக்கப் பெண்மணி. காகிதப் பை ஆலையில் வேலை செய்தவர் அவர். அவர் செய்த இயந்திரத்தைக் கண்ட ஒருவர், அதைத் தமது என்று சொல்லிக் காப்புரிமை கேட்டார். மார்கரெட் வழக்குத் தொடுத்து, தாம் படிப்படியாக வரைந்து வைத்திருந்த படங்களையும் குறிப்புகளையும் சான்றாகக் காட்டி வென்றார். 1871-இல் காப்புரிமை அவருக்கே கிடைத்தது. ஆகவே வரைந்த எந்தத் தாளையும் கிழித்து எறியாதீர்கள்!

ஐந்தாம் வாரம், சோதித்தல். மாதிரியைச் சிறுமியின் கையில் கொடுத்துவிட்டு வாய் திறவாமல் இருக்க வேண்டும். 'இப்படித் திற, அப்படிப் பிடி' என்று சொல்லிக் கொடுத்தால் சோதனை கெட்டுவிடும். அவள் தடுமாறும் இடமே நீங்கள் திருத்த வேண்டிய இடம்.

ஆறாம் வாரம், திருத்தி முடித்தல். இப்போது துணியில் தைக்கலாம். பூவும் கொடியும் கோலமும் இப்போது வரட்டும். எழுதப் படிக்கத் தெரியாத குழந்தை, பையின் மேலுள்ள கிளியையோ மீனையோ கண்டுதான் தன் பை எது என்று அறிகிறாள். ஆகவே, இங்கே அலங்காரமும் ஒரு வேலை செய்கிறது. சதுரத்துக்குள் பூ வரைந்து பழகிய கை இங்கே வீண்போகவில்லை.

மதிப்பெண் எதற்கு?

முடிந்த பொருளுக்கு மட்டும் மதிப்பெண் இட்டால், இயல்பிலேயே கை நேர்த்தி உள்ள இரண்டு மூன்று மாணவியரே எப்போதும் முன் நிற்பர். ஏனையோர் 'எனக்கு வரைய வராது' என்று ஒதுங்கி விடுவர். 20 மதிப்பெண்ணை நான்காகப் பகுக்கலாம். கண்டும் கேட்டும் எழுதிய குறிப்புகளுக்கு 5, எண்ணிய வழிகளின் எண்ணிக்கைக்கும் புதுமைக்கும் 5, மாதிரிக்கும் சோதனைக்குப் பின் செய்த திருத்தத்துக்கும் 5, முடிவான பொருளின் அழகுக்கும் உழைப்புக்கும் 5. இவ்வாறு செய்தால், கோடு சற்றுக் கோணலானாலும் கூர்ந்து நோக்கும் மாணவிக்கு அவளுக்குரிய இடம் கிடைக்கும்.

இதனால் ஆவது என்ன?

பொதுத் தேர்வு நெருங்கும்போது முதலில் பறிபோவது ஓவிய வகுப்புதான். 'படம் வரைவதால் என்ன வந்துவிடப் போகிறது?' என்று கேட்போரும் உளர். ஆனால் ஒரு சிக்கலை உற்று நோக்கி, கேட்டறிந்து, பல வழி எண்ணி, தோற்று, திருத்தி, மீண்டும் செய்யும் பழக்கம் எந்தப் பாடத்துக்கு வேண்டாம்? விடையொன்று முன்னமே அச்சிடப்பட்டிருக்கும் பாடங்களுக்கு நடுவே, விடையைத் தானே உண்டாக்க வேண்டிய ஒரு பாடவேளையாவது பிள்ளைக்கு வேண்டும் அல்லவா?

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். மோட்டார் கார் விபத்துச் சோதனைகளில் பல ஆண்டுக்காலம் பெரும்பாலும் ஆண் உடல் அளவில் செய்த பொம்மைகளையே வைத்துச் சோதித்தனர்; காரில் பெண்களும் பயணம் செய்கிறார்கள் என்பதற்கு உரிய இடம் கொடுக்கவில்லை. கெட்ட எண்ணத்தால் நேர்ந்தது அன்று இது. வரையும் மேசையில் அக்கேள்வியைக் கேட்க ஆள் இல்லை. நாம் உபயோகிக்கும் பொருள்களை யாரோ வடிவமைத்துத் தருவார்கள், நாம் அதற்கேற்ப வளைந்துகொள்ள வேண்டும் என்றே பெண்கள் பழகிவிட்டோம். 'இது ஏன் இப்படி இருக்கிறது? வேறு எப்படி இருக்கலாம்?' என்று கேட்கும் துணிவை ஒரு சிறு சாப்பாட்டுப் பையில் தொடங்கினால், நாளை அது ஒரு மருத்துவமனைக் கட்டிலிலோ பேருந்துப் படிக்கட்டிலோ போய் நிற்கும்.

எனவே மாணவியரே, வரும் வாரம் ஓவிய வகுப்புக்குப் பென்சிலோடு ஓர் அளவு நாடாவையும் கொண்டு வாருங்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாரேனும் ஒருவர் நாள்தோறும் சிரமப்பட்டுக் கையாளும் ஒரு பொருளைப் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள். அது பாட்டியின் மருந்துப் புட்டி மூடியாகவும் இருக்கலாம், பூ விற்கும் அம்மாளின் கூடையாகவும் இருக்கலாம். அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டு, அவர்கள் சொல்லும் விடையை முழுவதும் கேளுங்கள். அதன் பிறகு வரையத் தொடங்குங்கள்.